மணி கட்டாத கை

பெர்கனில் இன்றும் மழை.
குடையை வாசலில் சொட்டவிட்டு
மூன்றாம் முறையாக உள்ளே வருகிறேன்.
காப்பி வேண்டுமா என்று ஐவின் இம்முறை கேட்கவில்லை,
கொண்டுவந்தே வைத்துவிட்டான்.
பிறகு வெள்ளைக் கையுறை,
சாம்பல் நிற மெத்துத் தட்டு,
அதன் நடுவில்
தொண்ணூற்றிரண்டாயிரம் குரோனர்.

கணக்குப் போடாமலா வந்தேன்?
வரி போக, பிரசவ வார்டில்
முந்நூற்றுச் சொச்சம் இரவு மணிநேரம்.
அல்லது சமையலறைக்குப் புதுத் தரையும்
ஒழுகலால் முறைத்துக்கொண்ட
கீழ்வீட்டுக்காரியோடு சமாதானமும்.
அல்லது என் சிக்பியோர்ன்
இரண்டு வருடமாக வாயாலேயே
வாங்கிக்கொண்டிருக்கும் படகு இன்ஜின்.

நூறு மீட்டர் ஆழம் தாங்குமாம்.
எனக்கு நீந்தத் தெரியாது.
பிரசவத் தொட்டியில் முழங்கை வரைக்கும்தான்
என் ஆழம்.

‘ஒரு நாளைக்கு
இரண்டு விநாடிதான் முன்பின் ஆகும்’ என்கிறான்,
தன் மகனின் மதிப்பெண்ணைச் சொல்கிறவன்போல.

எங்கள் வார்டுச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் கடிகாரம்.
இருநூறு குரோனர் பெறாது.
அதைப் பார்த்துத்தான்
மூவாயிரம் பிள்ளைகளுக்குமேல்
பிறந்த நேரம் எழுதியிருக்கிறேன்.
ஒரு மார்ச் மாதம் முழுக்க
அது ஆறு நிமிடம் பின்தங்கி ஓடியது,
ஒருவரும் கவனிக்கவில்லை.
அந்த மாதத்துப் பிள்ளைகள் இப்போது
மீசை முளைத்து, கார் ஓட்டி,
காகிதத்தில் ஆறு நிமிடம் மூத்தவர்களாகத்
திரிகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு இரவு
அழுகை வராத ஓர் அறையில்
பேனாவைப் பிடித்தபடி
அதே கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்து நின்றேன்.
பத்தொன்பது விநாடிதான் என்றார் டாக்டர், பிறகு.
இருக்கலாம். அவர் முதுகு காட்டி நின்றார்.
ஐவின், உன் இரண்டு விநாடியை
நான் சின்னது என்று சொல்லமாட்டேன்.

முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது,
மருத்துவமனை விதி.
மோதிரம் கூடாது, வளையல் கூடாது.
இருபத்தாறு வருடமாக
மணி கட்டாத மணிக்கட்டு என்னுடையது;
கிருமிநாசினி அரித்துச் சிவந்த தோல்.
அதில்தான் இப்போது பூட்டுகிறான்.
முதலில் குளிர்.
அப்புறம் கனம்.
அப்புறம், இதை நான் எதிர்பார்க்கவில்லை,
என் சூட்டை வாங்கிக்கொண்டு
எதுவுமே இல்லாததுபோல் இருந்துவிடுகிறது.

‘கையசைவில்தான் ஓடும். கழற்றி வைத்தால்
மூன்றாம் நாள் நின்றுவிடும்.’
அப்படியானால் வேலை நாளெல்லாம்
லாக்கருக்குள், என் ஈரக் காலுறைக்குப் பக்கத்தில்,
நான் திரும்பி வரும்வரை
கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும்.
‘பைத்தியமா உனக்கு?’ என்றாள் குன்வோர்,
‘எங்கே கட்டிக்கொண்டு போவாய், சாவு வீட்டுக்கா?’

தகுமா என்று கேட்டால், தகாது.
நியாயம் தேடி மூன்று முறை வந்தேன்,
ஒன்றும் அகப்படவில்லை.
காரணமில்லாமல் கடைசியாக நான் எதை வாங்கினேன்?
மழைக்கோட்டு.
அதற்கும் காரணம் மழை.

‘கொஞ்சம் தளர்வாக இருக்கிறது’ என்கிறேன்.
என் குரல்தான்.
ஐவின் ஒரு விநாடி என்னைப் பார்க்கிறான்,
பிறகு சின்னத் திருப்புளியை எடுக்கிறான்.
இரண்டு கண்ணி கழன்று தட்டில் விழுகிறது.
பத்திரமாக வைத்திருங்கள் என்கிறான்,
நாளைக்குக் கை பருக்கலாம்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு கிழவர்
மணி என்ன என்று கேட்டார்.
கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் துழாவி
போனை எடுத்துப் பார்த்து
நாலேகால் என்றேன்.